ஹாலில் எட்டு லைட்டு

என் வீட்டுக்காரர் சவூதியில் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன். பெரிய பெரிய கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங்கைத் துளைத்து எல்.இ.டி. லைட் பதிப்பதுதான் அவருக்கு வேலை. ஆனால் மரக்காணத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள் நான்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறவரிடம் போய் ஸ்விட்ச் சரியில்லை என்று யார் சொல்வது? வந்ததும் விருந்து, விருந்து முடிந்தால் யார் வீட்டிலாவது நிக்காஹ், அதுவும் முடிந்தால் பெட்டி கட்டும் வேலை. இவ்வளவுதான் எங்கள் குடித்தனம் என்று நான் கேலி பேசுவதுண்டு. பேசிவிட்டு உள்ளே போய் அழுததும் உண்டு.

போன தடவை வந்தபோது துணிமணிக்கு நடுவே எட்டு லைட்டுகளைச் சுற்றி எடுத்து வந்தார். "இந்த அக்ரிமென்ட் முடிஞ்சதும் வந்துடறேன்மா. போதும்" என்றார். இங்கேயே தொழில் ஆரம்பிக்கிற யோசனை. குயிலாப்பாளையம் பக்கம் புதிது புதிதாக கெஸ்ட் ஹவுஸ் வருகிறது, ஈசிஆர் நெடுக வீடு எழும்புகிறது, நம்ம ஹாலைப் பார்த்துவிட்டு நாலு பேர் கூப்பிட மாட்டார்களா என்பது அவர் நினைப்பு. விருந்துக்கு அழைத்தவர்களையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடவைத்து, எட்டு ஓட்டையையும் தன் கையாலேயே வெட்டினார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூள். முதல்முறை ஸ்விட்ச் போட்டபோது என்னை ஹால் நடுவில் நிற்கவைத்து நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். லைட்டைப் பார்க்கிறாரா, என்னைப் பார்க்கிறாரா என்று தெரியாமல் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வயதில் வெட்கம்!

அவர் திரும்பிப் போன பிறகு தினமும் அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் வீடியோ கால் வரும். போனை ஷோகேஸில் சாய்த்துவிட்டு நான் லைட்டுகளுக்குக் கீழே உட்காருவேன். சலாம் சொன்ன கையோடு "கொஞ்சம் மேல காட்டு" என்பார்.

"பொண்டாட்டி மூஞ்சிய பாக்க வர்றீங்களா, சீலிங்க பாக்க வர்றீங்களா?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது" என்பார்.

நாலாவது மாதம் ஜன்னலோரத்து லைட் ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்தது. முதலில் வோல்டேஜ் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் அதே நேரத்தில் ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது, ஃபிரிட்ஜ் ஓடியது, ரூமில் டியூப்லைட் ஆடாமல் எரிந்தது. ஒரு வாரத்தில் இன்னொன்று. மாதம் முடிவதற்குள் எட்டில் ஐந்து லைட்டுகள் நினைத்தபோது எரிந்து, நினைத்தபோது மங்கி, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஆகிவிட்டது ஹால்.

நான் செய்த முதல் வேலை, போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனதுதான். அந்தச் சமயம் பார்த்து அவருடைய கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமென்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் செய்த முதல் வேலையே இப்படிப் பல்லிளித்துவிட்டது என்று தெரிந்தால் மனம் தளர்ந்துவிடுவார், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று பயந்தேன். அவர் வருவது நின்றுவிடக் கூடாது. அவருக்குத் தெரிவதற்குள் லைட்டைச் சரிசெய்துவிட வேண்டும். எனக்கு அது மட்டும்தான் குறி.

"ஹாலுக்கு வாயேன்" என்பார்.

"அடுப்புல பால் இருக்குதுங்க."

தினமும் எங்கள் வீட்டில் பால் காய்ந்தது. ஆள் இருப்பது நான் ஒருத்தி. மகள் புதுச்சேரியில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

கடைத்தெருவிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். "எல்லாத்துலயும் டிரைவர் போயிடுச்சும்மா, எட்டையும் மாத்திடணும்" என்றார். டிரைவர் என்பது லைட்டுக்குப் பின்னால் தொங்கும் சின்னப் பெட்டி. கழற்றிப் பார்க்காமலே எட்டுக்கும் மௌத், சாவு என்று அறிவித்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். அவரை அனுப்பிவிட்டு, மெயினை அணைத்துவிட்டு நானே ஏறினேன். லைட்டை இழுத்தால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறது, அது என் விரலில் பட்டென்று அடித்தது. சிமிட்டுகிற லைட்டை எடுத்து, நன்றாக எரியும் லைட் இருந்த ஓட்டையில் மாட்டினேன். அதை எடுத்து இதில் மாட்டினேன். இறங்கி மெயினைப் போட்டால், சிமிட்டிக்கொண்டிருந்தது அமைதியாக எரிகிறது, ஒழுங்காக இருந்தது சிமிட்டுகிறது. அப்படியானால் லைட் மேல் குற்றமில்லை, அந்த ஓட்டைக்குள்தான் ஏதோ இருக்கிறது. இருபது வருஷமாக அவர் வேலைக் கதை கேட்டதில் எனக்கு இவ்வளவாவது ஒட்டியிருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் காலை வாசலுக்கு வந்த மீன்கார அக்காவிடம் புலம்பினேன். என் வயதுதான் இருக்கும், புருஷனும் மச்சினனும் கடலுக்குப் போகிறவர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"பாயம்மா, இது லைட்டு கோளாறு இல்ல. எங்க போட்டுல இருக்குற லைட்டும் இப்படித்தான் ஆடும். ஒயரு ஜாயின்ட்ல உப்பு பூத்திருக்கும். பிரிச்சுப் பாரு."

அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி மெயினை அணைத்துவிட்டு ஏறி ஓட்டைக்குள் கைவிட்டு ஒயரை இழுத்தேன். டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சைப் பசேலென்று இருந்தது. மேலே வெள்ளையாக உப்பு. சீலிங்குக்கு மேலே இருட்டில் சில்லென்று காற்று என் விரலில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாலின் பழைய வென்டிலேட்டர்கள் எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மாட்டிக்கொண்டன. கீழே இருக்கிற எங்களுக்குத் தெரியாமல், ஊரோரத்து உப்பளத்தின் மேல் வருகிற காற்று அது வழியாக உள்ளே புகுந்து எல்லா ஜாயின்டையும் தின்றிருக்கிறது. அவர் வேலை செய்கிற கட்டடங்களில் ஏசி போட்டு எல்லாம் மூடியிருக்கும். அங்கே சும்மா முறுக்கி டேப் சுற்றினால் போதும். இங்கேயும் அதையே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதே காற்றில் பிறந்து, இதே காற்றில் சைக்கிளைத் துருப்பிடிக்க விட்டு வளர்ந்த மனிதர். அதை மறந்துபோகிற அளவுக்கு வெளியிலேயே இருந்துவிட்டாரே என்று ஒயரைப் பிடித்தபடியே ஸ்டூல் மேல் நின்றுவிட்டேன்.

"இன்னா பாயம்மா, ஷாக் அடிச்சுடுச்சா?" என்று கீழேயிருந்து அக்கா பதறினார்.

அடுத்தடுத்த நாட்களில், சிமிட்டாத லைட்டுகளையும் விடாமல், பச்சை பிடித்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்க முறுக்கி, டேப் சுற்றி, மேலே கிரீஸ் பூசினேன். கிரீஸ் அக்கா வீட்டு போட்டிலிருந்து வந்தது. "சவூதி லைட்டுக்கும் எங்க கிரீசுதான் கேக்குது பாத்தியா" என்று அவருக்கு ஒரே பெருமை. ஆறு லைட்டுகள் சரியாகிவிட்டன. நடுவில் இருக்கிற இரண்டுக்கு மட்டும் ஒயர் எட்டவில்லை, எவ்வளவு இழுத்தும் ஜாயின்ட் வெளியே வரவில்லை. அதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே போன் வந்தது. பழக்கதோஷத்தில் சமையலறையில் நின்றுதான் எடுத்தேன்.

"நாளைக்கு ஆபீஸ்ல கையெழுத்து போட்டுடறேன்மா. இன்னும் ரெண்டு வருஷம்."

"ஏங்க? வந்துடறேன்னு சொன்னீங்களே!"

"வந்து என்னா பண்ணப் போறேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு மாசமா நீ என்னை ஹாலுக்குள்ளயே விடலம்மா. எப்ப கூப்ட்டாலும் அடுப்பு, பாத்திரம், செவுரு. நான் வந்துடறேன்னு சொன்னதுலேர்ந்து யோசிச்சுப் பாத்தேன். இத்தினி வருஷம் நீ தனியாவே இருந்து பழகிட்ட. நான் வந்து வீட்ல உக்காந்தா உனக்குத் தொந்தரவா இருக்கும். அத நேரா சொல்ல முடியாம ஒதுங்குறியோன்னு தோணிச்சு. பரவால்ல. உம்மேல தப்பில்ல."

அந்தப் பயம் எனக்கே இருந்ததுண்டு. நாள் முழுக்க ஒரு ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும், என் இஷ்டத்துக்குச் சாப்பிட்டு, என் இஷ்டத்துக்குத் தூங்கிப் பழகிவிட்டேனே என்று சில சமயம் நினைத்திருக்கிறேன். ஆனால் அவர் வேண்டாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அவர் வரவேண்டும் என்று நான் ஒளித்த ஒளிப்பே அவரை வரவிடாமல் தடுக்கப் பார்த்ததே என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

போனோடு ஹாலுக்கு ஓடினேன். ஸ்விட்சுகளை எல்லாம் தட்டினேன். போனை மேலே தூக்கிப் பிடித்தேன். நடுவில் இரண்டும் வெடுக்கு வெடுக்கென்று சிமிட்டின.

"பாருங்க! நல்லா பாருங்க! இதுக்குத்தான் விடல!"

"என்னம்மா அது?"

"உங்க லைட்டுதான்! இது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்களோன்னு மறைச்சேன்."

போனை இறக்கிப் பார்த்தால் மனிதர் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. "லைட்டா? வெறும் லைட்டா? லைட்டுக்காகவா என்னை வெளியவே நிக்க வெச்ச?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். வெட்டியெடுத்த பச்சைக் கம்பியைக் கிட்டே காட்டினேன்.

"உப்பு" என்றார். "நம்ம ஊர் காத்து. எப்படிம்மா மறந்தேன்?" உடனே ஞாபகம் வந்தவராக, "ஏய், மெயின ஆஃப் பண்ணிட்டுதானே ஏறின?" என்று அதட்டினார். பண்ணினேன் என்றேன். ஸ்டூலை யார் பிடித்தது என்று கேட்டார். மீன்கார அக்கா என்றதும் மறுபடி சிரித்தார். சிரித்து முடித்து, "இதுகூடத் தெரியாதவன் அங்க வந்து யாருக்கு லைட்டு மாட்டப் போறேன்" என்றார். எந்த வார்த்தைக்கு இரண்டு மாதம் பயந்தேனோ அதே வார்த்தை.

"மறந்ததை எல்லாம் நான் சொல்லித் தரேன்" என்றேன்.

இருபது வருஷத்தில் அவர் ஒவ்வொரு லீவுக்கும் "இந்தத் தேதிக்கு வர்றேன்" என்று தகவல்தான் சொல்லியிருக்கிறார். நான் சரிங்க என்று சொல்லி அரிசி, மசாலா எல்லாம் தயார் செய்வேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஏதோ அந்நிய வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் வரட்டுமா?"

போனை ஷோகேஸில் சாய்த்துவிட்டு லைட்டுகளுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். "வாங்க" என்றேன்.