பிள்ளைக் காம்பராவில் சொன்ன பாலிஷ் பையன் கதை

மகன் வேலைக்குப் புறப்பட்ட அவசரத்தில் சப்பாத்துப் பாலிஷ் டப்பாவை மூடாமலே போய்விட்டான். பதுளைக் குளிருக்கு ஜன்னல் வேறு சாத்தியிருந்தது. பாலிஷ் வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. திட்டிக்கொண்டே மூடப் போனவள், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அதில் நான் பிள்ளை பார்க்கிறவள். உயர்தரப் பரீட்சை எழுதிய திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இருபது தொட்டில், மூத்திர வாடை, பால்மா வாடை, இவற்றுக்கு நடுவில் ஒரு கையில் அகராதி. என்னை நானே ராணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒரு தடவை தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, விறைத்த கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்காருவார்கள். கங்காணி ஆம்பளை, உள்ளே வர முடியாது. நேரம் முடிந்தால் வெளியே நின்று இருமுவார். அந்த இருமலுக்குள் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நான் கதை சொன்னேன். பதுளை பஸாரில் பழைய புத்தகக் குவியலில் எனக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருந்தது. போன நூற்றாண்டுக்கும் முந்திய ஒரு பெரிய நாவலாசிரியரின் வாழ்க்கை. பெயரைச் சொன்னால் "ஓ, அவரா" என்பீர்கள். எங்கள் காம்பராவில் அந்தப் பெயர் ஒருத்தி வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் அவர் பாலிஷ் பையன்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் தன் நாவல்களைத் துண்டு துண்டாகப் பத்திரிகையில் வெளியிட்டவராம். நானும் அவர் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். எங்கே நிறுத்துவது என்பதைக் கங்காணியின் தொண்டை முடிவு செய்தது.

அப்பா கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போகிறார். பன்னிரண்டு வயதுப் பையனைச் சப்பாத்துப் பாலிஷ் செய்கிற பாக்டரிக்கு அனுப்புகிறார்கள். ஆற்றங்கரையில் இடிந்த கட்டடம், மாடிப்படியெல்லாம் எலி. காலையிலிருந்து இருட்டும் வரை போத்தலுக்குக் காகிதம் ஒட்டுகிறான். நான் இதைச் சொன்னதும் ஒருத்தியும் நம்பவில்லை.

"தொர சாதியில ஏது இந்தக் கஷ்டம்?" என்றாள் ஒருத்தி.

"அது தொரைக்கு லயத்துல பொறந்த புள்ளையா இருக்கும். புத்தகத்துல மறைச்சி எழுதிருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன். பலிக்கவில்லை. அவர்கள் பார்த்த வெள்ளைக்காரர்களெல்லாம் பங்களாவில் இருந்தவர்கள். துரைக்குப் பிறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்த பிள்ளைகளையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று முதல் அவன் அவர்கள் பிள்ளையாகிவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

அதிகமாகக் கேள்வி கேட்டவள் செல்லாயி அக்கா. "பசிச்சா என்னா பண்ணுச்சு?" "ராவைக்கு எங்க படுத்துச்சு?" கதை கேட்கிறவர்கள் யாரும் கேட்காத கேள்விகள். அவள் மூத்த மகள் பாக்கியம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். மலைச் சரிவில் விழுந்து இடுப்பொடிந்த அக்காவின் புருஷன் லயத்தில் படுத்த படுக்கை. பத்து வயதில் அந்தப் பெண்ணை ரயிலேற்றி அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மகள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் கதை பையனின் அம்மா வரும் இடத்துக்கு வந்தது. அப்பா சிறையிலிருந்து வந்துவிட்டார். பையனை பாக்டரியிலிருந்து நிறுத்தியும் விட்டார். ஆனால் அம்மாவோ அவனைத் திரும்ப அனுப்பத்தான் வேண்டும் என்கிறாள். அப்பா மறுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார். பையன் வளர்ந்து உலகப் புகழ் பெற்றும் அம்மா சொன்னதை மறக்கவில்லை.

"அவளும் ஒரு தாயா?" என்று ஆளாளுக்கு அந்த வெள்ளைக்காரியைத் திட்டினார்கள். செல்லாயி அக்கா மட்டும் குழந்தையை மார்பிலிருந்து எடுத்தாள்.

"அந்தம்மாவுக்கு வீட்டுல இன்னும் எத்தன புள்ளைங்க?"

"நெறைய, அக்கா."

"அப்ப என்னா செய்யும் அது?" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "பெரிய மனுசனானப்புறமும் மறக்கலையா?"

"மறக்கலைக்கா."

அந்தத் தீபாவளிக்கு முன்னால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டாள். எனக்குச் சிங்களம் வரும். மகளைக் கையோடு கூட்டி வந்துவிடுவதாக ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு எஜமானியான சிங்கள நோனா தடுக்கவில்லை, வேண்டுமானால் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். பாக்கியம் ஈரக் கையோடு கேட்டுக்கு வந்தாள். பேன் என்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"வா சாமி, வீட்டுக்குப் போவோம்."

"நான் வரல."

"ஏன் சாமி?"

"வந்தா மறுபடி கொண்டாந்து விடுவ."

இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். லயத்தில் கிடக்கும் புருஷனையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் வைத்துக்கொண்டு அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பாக்கியம் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ரயிலில் செல்லாயி அக்கா பேசியது ஒன்றே ஒன்றுதான். "நல்லா வளந்துருச்சு, பாத்தியா?"

அடுத்த வருஷம் பணம் வருவது நின்றது. போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய குடும்பம் எங்கே போனது, கூட இருந்த பிள்ளை என்ன ஆனாள், அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். கொழும்புக்கும் தோட்டத்துக்குமாக செல்லாயி அக்கா அலைந்ததில் ஒரு பயனும் இல்லை.

பிறகு ஒருநாள் காம்பராவில், மற்றவர்கள் எழுந்து போன பின், கேட்டாள். "அந்தப் பாலிஷ் பையன் கடைசியில அவுங்க அம்மாவப் பாத்துச்சா?"

"பாத்தாருக்கா. அம்மா சாகுற வரைக்கும் செலவுக்குக் காசு குடுத்தாரு."

"காசுதானா" என்றாள். வெளியே கங்காணி இருமினார். அவள் படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

நான் கல்யாணமாகிப் பதுளைக்கு வந்துவிட்டேன். பல வருஷம் கழித்துத் தோட்டத்தில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தபோது செல்லாயி அக்கா போக மறுத்தாளாம். புருஷனும் போய்ச் சேர்ந்து, மற்றப் பிள்ளைகளும் புது வீட்டுக்குப் போன பின், சுற்றிலும் காலியாகிப்போன லயத்தில், ஒழுகும் தகரத்துக்குக் கீழே தனியாகக் கிடந்தாள். பார்க்கப் போனபோது நானும் சண்டை பிடித்தேன்.

"அது வந்தா இந்த வாசலுக்குத்தான் வரும். வேற எடம் அதுக்குத் தெரியாது" என்றாள். அங்கேயே செத்தும் போனாள்.

போன மாதம் ஒரு சாவுக்காக அந்தப் பக்கம் போனேன். பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பெயர் வைத்து, சுவரில் பூவும் முயலும் வரைந்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலப் புத்தகமோ நான் வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துவிட்டது. லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் யாரோ முட்டைக்கோவா போட்டிருக்கிறார்கள், பாத்தி பாத்தியாக. செல்லாயி அக்காவின் வாசல் எந்தப் பாத்தியில் இருந்தது என்று நின்று நின்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. பாக்கியம் வந்தால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?