உரம் தின்ற கடல்

படகுத்துறையின் விளிம்பில் குப்புறப் படுத்து, கயிற்றில் கட்டிய புட்டியைக் கடலுக்குள் இறக்கியபடியே திட்டிக்கொண்டிருக்கிறார் தண்ணியக்கா. கடலை அல்ல, அதில் வந்து விழும் ஆற்றை. "கொண்டா, எல்லாத்தையும் கொண்டாந்து இங்கயே கொட்டு."

கடல்நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. நுண்ணோக்கியில் அவர் பாசியை எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் தொலைந்தார்கள். பக்கத்தில் உட்கார வைத்து, முதலிலிருந்து அவர்களையே எண்ண வைப்பார். அங்கே உதவியாளாக இருக்கும் நான் இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

சென்ற வாரம் கடல் துருநிறமாகிவிட்டது. பெருமழை ஆற்றோர வயல்களின் உரத்தை அடித்துக்கொண்டு வர, அதைத் தின்று பாசி பெருகிவிட்டது. விஷப்பாசி. அதைத் தின்னும் சிப்பி நன்றாகத்தான் இருக்கும். சிப்பியைத் தின்கிறவருக்கு நாக்கு மரத்து, மூச்சடைக்கும்.

கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி மீன்வளத் துறை அலுவலகத்தை அழைத்தார் தண்ணியக்கா. எழுதி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். அதிகாரி விடுப்பில் என்றார்கள்.

"அவரு வர்ற வரைக்கும் பாசி காத்திருக்குமா?"

அடுத்து அழைத்தது சொந்தத் தம்பியை. ஆற்றை ஒட்டியே அவருடைய வயல்.

"மழை வருதுன்னு தெரிஞ்சும் ஏன்டா உரம் போட்ட?"

"என் வயல்லதானேக்கா போட்டேன். கடல் எங்க, நான் எங்க?"

"உன் வயல்ல போட்டது இப்ப என் புட்டியில இருக்கு. வந்து பாரு."

போனை வைத்துவிட்டு, பழைய அலமாரியின் கதவுகளைக் கழற்றி, 'சிப்பி எடுக்காதீர்கள்' என்று அவரே பெயின்டில் எழுதினார். முதல் பலகையைக் கரையில் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாளி நிறையச் சிப்பியோடு வந்தாள்.

"நல்லா வேக வெச்சுத்தானேக்கா திங்கிறோம்?"

"வெந்தாலும் இந்த விஷம் போகாதும்மா."

"நேத்தும் தின்னோமே, ஒண்ணும் ஆகலையே."

அன்று இதையே நான்காவது ஆளிடம் கேட்ட அலுப்பில் தண்ணியக்காவின் குரல் உடைந்தது. "நாளைக்கு உன் புள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு ஓடி வருவியே, அப்ப நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அந்தப் பெண் வாளியைக் கடலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

தம்பி வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் என்னாலயாக்கா?"

"உன்னால மட்டுமில்ல. உன்னாலயும்தான்."

மீதமிருந்த பலகையையும் சுத்தியலையும் தம்பியின் கையில் திணித்துவிட்டு, போகவேண்டிய திசையை மோவாயால் காட்டினார்.