பிராந்தி பாட்டிலில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் காட்டுப்பாக்கம் வீட்டின் சமையலறை ஜன்னலில் ஒரு பிராந்தி பாட்டில் நிற்கிறது. லேபிளைச் சுரண்டிவிட்டு அதில் மணிபிளாண்ட் வைத்திருக்கிறேன். தண்ணீர் குறையும்போதெல்லாம் ஊற்றுவேன். அந்தப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவது என் கைக்குப் பழகிய வேலைதான்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். குடித்த காலத்தில் வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போகமாட்டார். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் ஒளித்திருக்கும் பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைப்பேன். நிறம் வெளுத்துக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, பால் விடாத டீயும் கொஞ்சம் சேர்ப்பேன். குடிக்கிறவர் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. எனக்குச் சாமர்த்தியக்காரி என்று நினைப்பு.

பிறகு ஆவடிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அதற்கு என் கம்மல் போனது. தான் பெற்ற பிள்ளையைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டேன் என்று மாமியார் என்னோடு பேசுவதையே விட்டார். ஆனால் திரும்பி வந்த மனிதர் இன்றுவரை குடியைத் தொடவில்லை. போனதையும் வந்ததையும் எடை போட்டால் வந்ததுதான் கனம், நான் மறுக்கவில்லை. எடைத்தட்டில் யாரும் வைக்காத ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. வியாழக்கிழமை தோறும் பூந்தமல்லியில் ஒரு கூட்டம். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்களாம். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் அங்கே மணிக்கணக்கில் பேசுகிறார். என்ன பேசினாய் என்று கேட்டால், "அங்க பேசுனது அங்கதான்" என்பார். சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன். முப்பது ஆண்களை என்ன செய்வது? எனக்குப் பொறாமைதான். வேறு பேர் வைத்து மழுப்ப விரும்பவில்லை.

குடிக்காமல் ஒரு வருஷம் முடித்தால் அதை அங்கே பிறந்தநாள் என்கிறார்கள். கேக் வெட்டுவார்கள், குடும்பத்தையும் அழைப்பார்கள். அவருடைய முதல் பிறந்தநாளுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். நன்றி சொல்ல எழுந்தவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"என் ஊட்டுக்காரி பாட்டில்ல தண்ணி கலந்து வெப்பா. எனுக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் குடிச்சேன். கேட்டா நிறுத்திடுவா. அவ நிறுத்திட்டான்னா, என்னிய கை கழுவிட்டான்னு அர்த்தம்."

வட்டத்தில் ஒருவரான, பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் என்னிடம் குனிந்து, "அண்ணாத்தே இத்த எப்ப சொன்னாலும் பாய் அழுதுடுவாரு அண்ணி" என்றார். எப்ப சொன்னாலுமா? என் வீட்டுக் கதையை ஊரில் கடைசியாகக் கேட்டவள் நான். கையிலிருந்த கேக்கைத் தட்டோடு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மணிபிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று பார்த்தார்.

"நீ இன்னும் நிறுத்தல பாரு" என்றார்.

"இத்தயும் அங்க போயி சொல்லுவியா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்றைக்குப் போகவில்லை என்றார்.

இத்தனை வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. இந்த வாரம் போகாதவர், அடுத்த வாரம்? பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிய நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. நானே செருப்பை எடுத்துப் போய் அவர் காலடியில் வைத்தேன். "போயிட்டு வா. இத்தயும் சொல்லிக்கோ" என்றேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினேன். இன்னும் அரைமணி நேரத்தில் பாய் அழ ஆரம்பித்துவிடுவார்.