கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் பஸ் ஏறுகிற அம்பிகாவுக்கு இரக்க குணம் ஜாஸ்தி. தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடம் மட்டும்தான், அது வேறு விஷயம். பக்கத்து மெஷினில் தைக்கிற நிரோஷினி இலங்கை அகதி முகாமில் பிறந்தவள். அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது அம்பிகாதான். பழைய புடவைகளும் கொடுத்தாள். "பாவம், நாடில்லாத பொண்ணு" என்று லைன் முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

அந்த இரக்கத்துக்கு டிவி வழியாக ஆபத்து வந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒன்றாகப் போகின்றன, ஒரே பணம், கடல்மேல் பாலம் என்று பேச ஆரம்பித்தார்கள். நடக்குமோ நடக்காதோ, முதலாளி முந்திக்கொண்டு அங்கே ஒரு கிளை திறக்க முடிவு செய்தார். ஆளுக்கு ஒரு ஜோடி தைத்துக் கொடுங்கள், யாருடையது நன்றாக வருகிறதோ அவர் அங்கே சூப்பர்வைசர் என்று மேனேஜர் அமீர் பாஷா அறிவித்தார்.

"நிரோஷினிக்கு யோகம்தான், ரெண்டு பக்கமும் அவ ஊரு" என்றார்கள் எல்லோரும். அம்பிகாவுக்கு வயிறு எரிந்தது. அந்த நாற்காலிக்காக எத்தனை வருஷம் முதுகொடிய உழைத்தவள் அவள்! தான் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு இவள் போய் உட்காருவதா?

ஒரு ஜோடியின் இரண்டு காலுக்கும் ஒரே தோலில்தான் துண்டு வெட்ட வேண்டும். வேறு தோல் கலந்தால் டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் பல்லை இளிக்கும். சாப்பாட்டு நேரத்தில் நிரோஷினி கை கழுவப் போனபோது, அவள் வலது காலுக்கு எடுத்துவைத்திருந்த துண்டுகளை மாற்றி வேறு தோல் துண்டுகளை வைத்தாள் அம்பிகா. நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அம்பிகாவின் ஜோடியையும் சேர்த்து நிரோஷினியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, திட்டாதீங்க. பேரை மாத்திச் சொல்லிட்டேன். நான் தச்சது உங்க பேர்ல, நீங்க தச்சது என் பேர்ல."

"ஏன்டி?"

"என்னோடது கொஞ்சம் நல்லா வந்துச்சுக்கா. எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது, போனா திரும்பி வர முடியாது. ரெண்டு நாடும் ஒண்ணாகுறப்ப ஆகட்டும். நீங்களாச்சும் இப்பவே போங்க."

அம்பிகா சட்டென்று எழுந்து நின்றாள். எந்த வாயால் சொல்வது? அமீர் பாஷா அதற்குள் ஜோடிகளை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்விட்டார்.

"அம்பிகா! இங்க வாம்மா. இன்னா இது?"