அக்காவின் கால்வலி

என் அத்தானுக்குத் தெருவில் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவர் நடந்தால் கூட வருகிறவர்கள் ஓட வேண்டும். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் இருவரும் வெளியே கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் இவள் போய்ச் சேருவாள். "என்ன, வழியிலேயே சண்டையா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

மீசை முளைப்பதற்கு முன்பே மாவு மில்லில் சேர்ந்தவர். தானியத்தைத் தொட்டியில் கொட்டுவது, பெல்ட் மாட்டுவது, சூடான மாவைப் பிடித்து ஆறவிட்டுக் கட்டுவது எல்லாம் அவர்தான். மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டிய தொண்டை அது. வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து நீட்டுவாள். புருவத்தில், மீசையில் எந்நேரமும் மாவு. அதனால் அவருக்கு நிஜமாகவே நரைத்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

சில வருடங்களாக அக்காவுக்குக் கால்வலி. மார்க்கெட் மேட்டில் ஏறும்போது, "கொஞ்சம் நில்லுங்க, கால் வலிக்குது" என்பாள். அத்தான் இடுப்பில் கை வைத்து நின்று, "உன்கூட வந்தா விளங்கினாப்லதான்" என்று சலித்துக்கொள்வார். "உங்க அக்காவ ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுடா" என்று எனக்கு வேறு உத்தரவு. நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன். மடையன்.

ஒருநாள் மில்லில் மூட்டையைத் தூக்கப்போய்க் கண் இருட்டி விழுந்தார். முதலாளி கெட்டவர் இல்லை. "டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் வாங்க. பெல்ட்டுக்குப் பக்கத்துல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். அத்தானுக்கு அது செருப்படி. மில் இல்லாமல் ஒரு பகலை எப்படிக் கழிப்பது என்றே அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன்.

நெஞ்சுநோய் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக, ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நடக்கிறதுதான் டெஸ்டா? யாருகிட்ட!"

டெஸ்ட் அன்றைக்குச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாகக் கூம்பு வைத்திருந்தார்கள். நர்ஸ் அவர் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினாள்.

"ஓடக்கூடாதுங்கய்யா. முடிஞ்ச அளவு வேகமா நடங்க. முடியலேன்னா நிக்கலாம், ஆனா நேரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க கூட நடக்கக்கூடாது, பேச்சுக் குடுக்கவும் கூடாது" என்றாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

எக்ஸ்பிரஸ் கிளம்பியது. முதல் சுற்றில் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த சுற்றில் சிரிப்பு இருந்தது, கண்ணடிப்பு இல்லை. அதற்கடுத்து வந்தபோது உதடு வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விட்டுக்கொடுக்கவே இல்லை, பாவி மனுஷன். நர்ஸ் கிளிப் காட்டிய எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கொஞ்சம் நில்லுங்க, கால் வலிக்குது!"

அக்காதான். வாய் தவறி வந்துவிட்டது. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தான் சட்டென்று நின்றார். இடுப்பில் கை போயிற்று. "இங்கயுமா? உன்னோட..." என்று மூச்சுக்கு நடுவே எரிந்து விழுந்தார்.

நர்ஸ் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டாள். "அம்மா உக்காந்துதானே இருக்காங்க?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். மார்க்கெட் மேடு, பஸ் ஸ்டாண்ட் படி, எங்கள் வீட்டு மாடி, அவள் நிற்கச் சொன்ன இடமெல்லாம் அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். அவள் நிற்கச் சொன்னது தன் காலுக்காக இல்லை, இவர் மூச்சுக்காக என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

"நேரம் இருக்குங்கய்யா, முடிஞ்சா நடங்க" என்றாள் நர்ஸ். அவர் நடக்கவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே நின்றார்.

அக்கா இடையில் பேசியிராவிட்டாலும் கதை இதேதான், கிளிப்பில் எண் அதற்கு முன்பே விழுந்துவிட்டது என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அக்காவிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. "மில்லுப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. ஆனா தினமும் மெதுவா நடங்க, நடக்காம இருந்தா இன்னும் மோசமாகும்" என்றுதான் டாக்டர் அத்தானிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க, மார்க்கெட் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம். டாக்டரும் சொன்னாருல்ல."

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தான் திரும்பவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

"நீ போய்ட்டு வா. உனக்குத்தான் கால் நல்லா இருக்கே."