எலிகள் உறைந்து நின்ற மத்தியானம்

மதுரை ஆய்வகத்திலிருந்து லீவுக்குத் திருத்தங்கல் வந்தபோதும் என் லேப்டாப் நிறைய எலி வீடியோக்கள்தான். எலிக்கு ஓர் ஓசை கேட்கும், உடனே பாதத்தில் லேசான ஷாக். மறுநாள் ஓசை மட்டும் கேட்டாலே அது உறைந்து நிற்கும். ஷாக் முடிந்த கையோடு அனிசோமைசின் ஊசி போட்டுவிட்டால் கதையே வேறு. அது மூளையில் புதுப் புரதம் உருவாவதைத் தடுத்துவிடும். புதுப் புரதம் இல்லாமல் நினைவு நிலைக்காது. மறுநாள் எலி அதுபாட்டுக்கு மோந்து திரியும். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். மூச்சைத் தவிர வேறு அசைவில்லை என்றால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா, எலியை வேடிக்கை பார்க்கவா இம்புட்டுப் படிச்சே என்று கேலி செய்துகொண்டிருந்தாள்.

அப்போது பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் நாரணாபுரம் பக்கமிருந்து அந்தச் சத்தம். ஜன்னல் கதவு அதிர்ந்தது. சாம்பிள் பார்க்கப் போடும் வெடி இல்லை. அம்மாவைப் பார்த்தேன். கத்தி பாதி வெங்காயத்தில் நின்றிருந்தது. மூச்சு மட்டும் ஓடியது. என் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

அக்காவுக்கு அங்கேதான் வேலை. அவள் நம்பரைப் போட்டேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே அடித்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் ஃபோனுக்கு அனுமதியில்லை என்பதுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கம்பெனி வேன் நிற்கும் முக்குக்கு இருவரும் ஓடினோம். கடைசியில் சாயங்காலம்தான் வேன் வந்தது. அக்கா இறங்கினாள். கையெல்லாம் அலுமினியப் பொடி. அம்மா அவள் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பக்கத்துக் கம்பெனி."

தூக்கிவிட ஓடினேன் என்று மட்டும் சொன்னாள். யாரை என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா டீ போட்டாள். திரையில் நின்றிருந்த எலியைக் காட்டி இது என்ன என்றாள் அக்கா. அவள் திரும்பி வந்துவிட்ட நிம்மதியில் நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஊசி போட்ட எலியும் முதல் ஒரு மணி நேரம் மற்றதைப் போலவே பயப்படும், மறுநாள்தான் வித்தியாசம் தெரியும் என்றுகூடச் சொன்னேன்.

"ஏலே, அந்த ஊசிய எம்புட்டு நேரத்துக்குள்ள போடணும்?"

"உடனே போடணும்க்கா. மணிக்கணக்கா லேட்டாச்சுன்னா கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் எதற்குக் கேட்டாள் என்று உறைத்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்ப முடிஞ்சுபோச்சு," என்று டீயை எடுத்தாள்.

நான் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தப் புரதம் உருவாகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த என்னிடம் எதுவுமே இல்லை.