பஸ் நிற்கும் இடத்தில் ஏரி இருந்தது

எனக்குப் பெங்களூர் என்றாலே பயம். அம்மாவுக்கோ அது சொந்த ஊர் மாதிரி. கல்யாணமான புதிதில் அப்பா அங்கே ஒரு மில்லில் வேலை பார்த்தார். காட்டன்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்றில் அம்மா சில வருஷம் குடித்தனம் செய்தாள். மில் வேலை போய் அதியமான்கோட்டைக்குத் திரும்பி வந்த பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் குழம்பு நன்றாக இருந்தாலும் நாறிப்போனாலும் பேச்சு பெங்களூரில்தான் போய் நிற்கும். "கெட்டும் பட்டணம் சேர்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

எண்பதுகளின் நடுவில், பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. நல்லெண்ணெய், சுக்கு, பூண்டு என்று ஒரு பை நிறையச் சாமான் கட்டிக்கொண்டு நானும் அம்மாவும் தர்மபுரியில் பஸ் ஏறினோம். தங்கையின் விலாசத்தை எழுதித் தருகிறேன், முந்தானையில் முடிந்துகொள் என்று சொன்னேன். என் ஊரில் எனக்கே சீட்டா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

ஓசூர் தாண்டியதும் ஆரம்பித்துவிட்டாள். மடிவாளாவில் பஸ் நின்றபோது இங்கெல்லாம் கேழ்வரகுக் கொல்லை என்றாள். கோரமங்களா பக்கம் கையைக் காட்டி, அங்கே பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும், ஆம்பளைகளே போக மாட்டார்கள் என்றாள். லால்பாக் மதில் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஏதோ கோயிலைப் பார்த்தது போல. இந்த மைதானம் ஏரி, அந்தக் கட்டடம் ஏரி, இந்தச் சந்துக்குப் பின்னால் ஒரு குளம் என்று அவள் சொன்னதைக் கேட்டால், மொத்த ஊரும் தண்ணீர் மேல்தான் நிற்கிறது என்று தோன்றும். முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அம்மா, மெதுவா பேசு" என்றேன். யார் காதில் விழுகிறது?

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது மட்டும் அவள் குரல் தயங்கியது. "இதுவும் ஏரிதான்டி. மழக்காலத்துல தண்ணி நிக்கும், வெயில்ல சர்க்கஸ் போடுவாங்க" என்றாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். சுற்றிலும் சிமெண்டும் தூணும் ஜனமும்தான்.

டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்க வேண்டும். ஒரு தூண் ஓரமாக அவளைப் பையோடு நிற்க வைத்துவிட்டு, நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அம்மாவும் இல்லை, பையும் இல்லை.

தூண் மாறிவிட்டதோ என்று அடுத்த தூணுக்கு ஓடினேன். எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருந்தது. அம்மா, அம்மா என்று கத்தினேன். நாலைந்து அம்மாக்கள் திரும்பினார்கள், எங்கள் அம்மா திரும்பவில்லை. அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போனேன். என்ன கலர் சேலை என்று கேட்டார். காலையில் நானே கொசுவத்தை இழுத்துச் சரி செய்துவிட்ட சேலை, அரக்கா பச்சையா என்று வாயில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகை வந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தங்கை வீடு இருக்கும் தெருப் பெயர் தெரியாது. அவள் பேசும் கன்னடமும் அவளுடைய ஊரைப் போலவே பழசு. லாரி, பஸ், கையைப் பிடித்து இழுத்துப்போகிற ஆட்கள் என்று என் மனசு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். அடுத்த மூச்சிலேயே, கிடைத்தால் போதும் என்று முனியப்பனுக்குக் கோழி நேர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சந்தை வழக்கம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் ஆள் தவறினால் எங்களில் யாரும் தேட மாட்டோம். இரண்டு பேரும் தேடினால் இரண்டு பேரும் அகப்பட மாட்டார்கள். தவறியவர் நம்மூர் வண்டி அவிழ்த்து நிற்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மற்றவர் அங்கே வருவார். வண்டி போய் பஸ் வந்த பிறகும் அதே வழக்கம்தான். அம்மாவும் அதைத்தான் செய்வாள். தர்மபுரி பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்துக்கு ஓடினேன்.

அங்கேயும் இல்லை. உட்கார்ந்தேன். தேடக் கூடாது, தேடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தேன். பஸ்கள் வந்தன, போயின. அவள் வரவில்லை. இந்த வழக்கத்தையும் அவள் மறந்துவிட்டிருந்தால் அவளை எங்கே போய்ப் பிடிப்பேன்?

அழுதபடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து எங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்டக்டர் ஒருவர் டீ கிளாசோடு வந்து விசாரித்தார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"ஏங்க, இங்க கவர்மெண்ட் பஸ்ஸுதாங்க வருது. நம்மூரு பிரைவேட் பஸ்ஸெல்லாம் அன்னைக்கும் இன்னைக்கும் கலாசிபாளையத்துலதாங்க நிக்குது. தர்மபுரி பஸ் எங்கன்னு ஆரையாவது கேட்டிருந்தா, அங்கதானுங்க கைகாட்டி வுட்டிருப்பாங்க."

ஆட்டோவில் ஏறினேன். காட்டன்பேட்டை வழியாகப் போகச் சொன்னேன். நடந்து போயிருந்தால் தெரிந்த வழியில்தானே போயிருப்பாள். வழி நெடுக லாட்ஜும் துணிக்கடையும் மூட்டை இறக்குகிற லாரியும். ஓட்டு வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பழைய வீட்டைத் தேடி ஏதாவது சந்துக்குள் நுழைந்துவிட்டாளோ என்று ஒவ்வொரு சந்து முனையிலும் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். மார்க்கெட் பக்கம் ஆட்டோ நகரவே இல்லை. இறங்கி ஓடலாமா என்று கூட நினைத்தேன், வழி தெரியாமல் நானும் தொலைந்தால் எங்களைத் தேட யாரும் இல்லை.

கலாசிபாளையத்தில் தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில், தர்மபுரி என்று போர்டு போட்ட பஸ்ஸை ஒட்டி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலை. என்னைப் பார்த்ததும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

"எங்கடி தொலஞ்ச நீ?"

கேட்க வேண்டும் என்று வைத்திருந்த நாலு வார்த்தையையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. கக்கூஸுக்குப் போய்விட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாளாம். பூக்காரி ஒருத்தியிடம் தர்மபுரி பஸ் எங்கே என்று கேட்டாளாம். பூக்காரி கலாசிபாளையா என்றதும், அட, அந்தக் காலத்தில் நாமும் அங்கேதானே ஏறுவோம் என்று நடந்துவிட்டாளாம்.

வழியில் உன் வீட்டைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"வூடு இல்ல. அந்தத் தெருவுலதான் நடந்தனான்னும் தெரியல." பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீ வரலன்னா நான் எங்கடி போயிருப்பேன்? இந்த ஊருல எனக்கு ஆரத் தெரியும்?"

நாங்கள் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வா, ஆட்டோவிலேயே போய்விடலாம், குழந்தையைப் பார்க்க வேண்டாமா என்று எழுப்பினேன்.

எழுந்தாள். ஆனால் ஆட்டோ பக்கம் வரவில்லை. டிரைவர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்திருந்தார். அம்மா படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல ஊருக்குப் போயிரலாம்டி" என்றாள்.